மடைமாற்றிய ஏக்கம்

பத்தொன்பது வருஷம் என்னோடு பேசாத மனுஷன், நான் வீட்டை விட்டுப் போன பிறகு நாற்பத்திரண்டு பக்கம் பேசியிருந்தார். அதுவும் வழக்கு மனுவில், வக்கீல் பாஷையில். பாளையங்கோட்டை குடும்ப நீதிமன்ற முத்திரையோடு அந்தக் கட்டு வந்து சேர்ந்தபோது நான் தூத்துக்குடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில், அன்றைய தண்ணீருக்கு உப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே கோபம் வந்துவிட்டது. 'எதிர்மனுதாரர் ஆவுடைநாயகி, வயது நாற்பத்தைந்து.' எனக்கு நாற்பத்து நாலுதான். கட்டின பெண்டாட்டியின் வயது சரியாகத் தெரியாதவருக்கு என் மேல் ஏக்கமாம், அதற்கு நான் பரிகாரம் செய்ய வேண்டுமாம்.

அவர் பெயர் குற்றாலநாதன். கயத்தாறு காற்றாலைகளில் பராமரிப்பு வேலை. கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்தரத்தில் இறக்கைகளைத் துடைத்துப் பழுது பார்ப்பவர். ஆள் கீழே இறங்கி வந்தாலும் பேச்சு மேலேயே தங்கிவிடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்த வீட்டில் பேசுவதற்கென்று மூன்றாவது ஆளும் இல்லை.

சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மணமுறிவுப் பரிகாரச் சட்டம் வந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் பிரியலாம், காரணம் கேட்கமாட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பிரிவதற்கு முன்னால் மூன்று தடவை உட்கார்ந்து பேச வேண்டும். பேசாமல் எழுந்து போனவர் மேல், விடப்பட்டவர் வழக்குப் போடலாம். ஜெயித்தால் பணம் காசு கிடையாது. விடப்பட்டவர் மனசில் இருக்கும் ஏக்கத்தை எடுத்து, விட்டுப் போனவர் மனசில் வைப்பார்கள். அரசாணையில் 'ஏக்கப் பெயர்வு' என்று இருக்கும். எங்கள் பக்கம் எல்லோரும் மடை மாத்துறது என்றுதான் சொன்னார்கள். ஒரு வயலுக்குப் போகிற தண்ணீரை அடைத்து இன்னொரு வயலுக்குத் திருப்புவது போல.

என் வக்கீல் ரஹ்மத் நிஷா, மேலப்பாளையத்துக்காரி. என்னைவிட ஆறு வயது சின்னவள். மனுவைப் படித்து முடித்துவிட்டு, நீதிமன்ற கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஜெயிக்கது கஷ்டம்க்கா. நீங்க ஃப்ரிட்ஜ் மேல ஒரு சீட்டு ஒட்டிட்டுல்லா வந்திருக்கீங்க. 'தூத்துக்குடிக்கு மாற்றல் வந்திருக்கிறது. திரும்பி வரமாட்டேன். தோசை மாவு இரண்டாவது தட்டில்.' இத வாசிச்சா நீதிபதி என்ன நினைப்பாரு?"

"மாவு இருக்குன்னு நினைப்பாரு."

அவள் சிரிக்கவில்லை.

"நான் கேக்கேன் நிஷா, இதுக்கெல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ் போடலாமா? பிடிச்சிருந்தா இருக்கோம், பிடிக்கலையா, போறோம். அடிச்சேனா, ஏமாத்தினேனா, வேற ஒருத்தரோட போனேனா? விட்டுட்டு வந்தது குத்தம்னா, கல்யாணம் என்ன ஆயுள் தண்டனையா?"

"நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். சட்டம் வந்தப்ப எதிர்த்துக் கொடி பிடிச்சவதான் நான்." டீயை ஒரு வாய் குடித்தாள். "அப்புறம் கடையநல்லூர்ல இருந்து ஒருத்தி வந்தா. புருஷன் சந்தைக்குப் போயிட்டு வாரேன்னு போனவன். நாலு வருஷமா ரெண்டு தட்டு எடுத்து வைக்கா. கையை ஒடிச்சா கேஸ் உண்டு, காலை ஒடிச்சா கேஸ் உண்டு. இவளுக்கு யாரு பதில் சொல்லுததுக்கா?"

"அதுக்காக அவ மனசுல இருக்கத எடுத்து இன்னொருத்தன் மண்டையில கொட்டணுமா?"

"அதுவும் தப்புதான்" என்றாள் ரஹ்மத் நிஷா. அவளுடைய குணம் அது. இரண்டு பக்கமும் சரியாகத்தான் சொல்வாள், அதனாலேயே பாதி வழக்குகளில் தோற்பாள்.

என் வழக்கிலும் தோற்றாள். விசாரணை அரை மணி நேரம்தான். அவர் காற்றாலைக் கம்பெனி சட்டையோடு வந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரிடம் கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்? அவங்க திரும்பி வரணுமா?"

"வேண்டாம்யா. கூப்பிட்டு வாரதுக்கு அது என்ன ஆடா மாடா? எனக்கு உள்ள என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியணும். எனக்குச் சொல்லத் தெரியல. மெஷின் சொல்லும்னாங்க, அதான் வந்தேன்."

பிறகு நீதிபதி என்னிடம் கேட்டார். ஏன் போனீர்கள் என்று. மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பதில் எல்லாம் போய்விட்டது, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பேச்சே இல்லைங்கய்யா. பத்தொன்பது வருஷத்துல என்ட்ட கேட்டது மூணே கேள்வி. சாப்பாடு ஆச்சா, மோட்டார் போட்டாச்சா, கதவு பூட்டியாச்சா. நான் அந்த வீட்ல இருக்கேனா இல்லையான்னே எனக்குச் சந்தேகம் வந்துட்டு. இல்லாத ஆளு போனா யாருக்கு என்னன்னுதான் போனேன்."

"இத அவர்ட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கல. நான் சொல்லல."

நீதிபதி எழுதிக்கொண்டார். மூன்று அமர்வு நடக்கவில்லை, ஏக்கம் இருப்பது கருவியில் பதிவாகியிருக்கிறது, ஆகவே பெயர்வுக்கு உத்தரவு. மறுத்தால் ஆறு மாதம் சிறை. நான் சிறையைப் பற்றி யோசிக்கவே இல்லை. இந்த மனுஷனை நினைத்து நான் ஏங்க வேண்டும், அவ்வளவுதானே? ஏங்கிவிட்டுப் போகிறேன். காய்ச்சல் வந்தால் படுத்து எழுந்திருப்பதில்லையா?

நீதிமன்றத்துக்குப் பின்னாலேயே அதற்கென்று ஒரு கட்டடம். பெயர்வு செய்கிறவர் எட்வின் என்று ஒரு மெலிந்த மனிதர், முப்பது வயது இருக்கும், குரலே வெளியே வராது. தலையில் தொப்பி போல ஒன்றை மாட்டி, ஈரப் பஞ்சால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே விளக்கினார்.

"ஏக்கம்ங்கிறது மூளையில ஒரு தடம் மேடம். நடந்து நடந்து விழுந்த ஒத்தையடிப் பாதை மாதிரி. சாரை மூணு நாள் உக்கார வச்சு, உங்களப் பத்திப் பேசச் சொல்லி, அந்தத் தடத்தை முழுசாப் படிச்சு எடுத்துட்டோம். அத அப்படியே உங்களுக்குப் பதிப்போம். அங்க அழிச்சிருவோம். நடந்ததெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். வலி இருக்காது."

"மூணு நாளும் பேசினாரா?"

"பேசினாரு."

"அவரா?"

"நாங்கதான் மேடம் போதும்னு நிறுத்தச் சொன்னோம்."

நான் நம்பவில்லை. வேறு யாராவது வந்து பேசிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெயர்வு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எறும்பு ஊர்வது போல் இருந்தது, வேறொன்றும் இல்லை. தூத்துக்குடிக்குத் திரும்பி இரண்டு நாள் வேலை பார்த்தேன். அவரை நினைத்துப் பார்த்தேன், வேண்டுமென்றே. மூக்கு, மீசை, சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்பேனர். ஒன்றும் ஆகவில்லை. கருவி வேலை செய்யவில்லை என்று ரஹ்மத் நிஷாவுக்குச் செய்தி கூட அனுப்பினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தது.

குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ கேட்டைத் திறக்கும் சத்தம், பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். அந்தச் சத்தத்தில் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. வந்துவிட்டாள் என்று நினைத்தது. இதோ உள்ளே வருவாள், செருப்பைக்கூடக் கழற்றமாட்டாள், நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடிப்பாள், வாயில் ஊற்றிக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டித் துப்புவாள், துப்பிவிட்டு யாரிடமோ சண்டைக்குப் போவது போல 'இன்னிக்கு உப்பு கூட' என்பாள். அந்தக் குரல் வேண்டும். அதைக் கேட்காமல் இந்தச் சாயங்காலத்தை எப்படித் தாண்டுவது என்று நெஞ்சு கிடந்து அடித்தது.

அது என் குரல். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரை ருசி பார்ப்பது என் தொழில் பழக்கம். நானே அதைக் கவனித்தது கிடையாது.

சட்டம் எழுதியவர்கள், நீதிபதி, நான், என் வக்கீல், எல்லோருமாகச் சேர்ந்து ஒரே தப்பைச் செய்திருந்தோம். அவருடைய ஏக்கம் எனக்குள் வந்தால் அது அவரைத் தேடும் என்று நினைத்திருந்தோம். அதற்கு அவரைத் தெரியவே தெரியாது. பத்தொன்பது வருஷமாக எதைத் தேடிப் பழகியதோ அதைத்தான் தேடியது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்று வந்தது. பால் பாக்கெட்டைக் கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தாலும் பல்லால் கடித்துத் திறப்பவள். செய்தி வாசிக்கிற பெண்ணோடு வாக்குவாதம் பண்ணுகிறவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் சுவரின் குளிர்ச்சியைத் தேடிக் காலை நீட்டி, கிடைத்ததும் 'ம்' என்று சொல்கிறவள். அந்த 'ம்'முக்காக ஒருவர் பக்கத்தில் தூங்காமல் படுத்திருந்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

எல்லாமே கொஞ்சம் மேலே இருந்து, கொஞ்சம் பின்னால் இருந்து தெரிந்தன. அவர் என்னைவிட உயரம். ஒரு நாள் ஒரு பிடரி வந்தது. முடி தொடங்குகிற இடத்துக்குக் கீழே மிளகு அளவில் ஒரு மச்சம். கீரை ஆய்வதற்குக் குனியும்போது மட்டும் தெரியும், நிமிர்ந்தால் சேலை மறைத்துவிடும். அது தெரிகிற நாளெல்லாம் நல்ல நாள். எனக்கு அப்படி ஒரு மச்சம் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக முழங்கை மச்சத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டு கண்ணாடியை எடுத்துக்கொண்டு குளியலறையில் நின்று, கழுத்து சுளுக்கும்வரை திருப்பிப் பார்த்தேன். இருந்தது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

எட்வினுக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களுக்கு மட்டும் இல்ல மேடம். வாங்கின எல்லாருக்கும் இப்படித்தான்."

"அப்புறம் ஏன் வெளிய தெரியல?"

"யாரு எழுதிக் குடுப்பா? என்னை நெனச்சே எனக்கு ஏக்கமா இருக்குன்னு கோர்ட்டுல போய்ச் சொன்னா சிரிக்கமாட்டாங்களா? ஒரு சார் வந்தாரு, பெரிய ஆபீசர். மூஞ்சி கழுவும்போது தன் கையையே பாத்துட்டு நிப்பாராம். என்ட்ட வாயால சொல்லத்தான் செஞ்சாரு, எழுதச் சொன்னா எந்திரிச்சுப் போயிட்டாரு."

நான் ஏமாற்றிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் வேண்டுமென்றே குழாய்த் தண்ணீரைக் குடித்து, துப்பி, 'இன்னிக்கு உப்பு கூட' என்றேன். உள்ளே ஒரு அசைவும் இல்லை. போனை அலமாரியில் சாய்த்து வைத்து, கீரை ஆய்வதை வீடியோ எடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பூசினாற்போல ஒரு பொம்பளை, கேமராவுக்காகக் குனிந்துகொண்டிருந்தாள். இவளை யார் கேட்டார்கள்? அவள் வேண்டும். அந்தக் கயத்தாறு வீட்டில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நடமாடினவள் வேண்டும். அவளுக்கு நான் நாளெல்லாம் காத்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் அளவுகளைத் தப்புத் தப்பாக எழுதி, மேலதிகாரி கூப்பிட்டு விசாரிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

"திருப்பிக் குடுக்க வழி இருக்குக்கா" என்றாள் ரஹ்மத் நிஷா. "தொண்ணூறு நாளைக்குள்ள. ஆனா அவரும் வாங்கிக்கிடச் சம்மதிக்கணும். சம்மதிப்பாரா? குணமானவன் எவன் வியாதியத் திரும்பக் கேப்பான்?"

அன்று எண்பத்தோராவது நாள். மறுநாளே கயத்தாறுக்குப் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் சிரித்தார். "அட, வா வா! பஸ்ஸுலயா வந்த? கூட்டம் இருந்துச்சா? உள்ள வா, வெயில் என்ன போடு போடுது." நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் மூச்சு விடாமல் அவர் பேசிக் கேட்டதில்லை. வீட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தார். அந்த ஏக்கம்தான் இத்தனை வருஷமாக அவர் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்ததோ என்று அப்போது எனக்குத் தோன்றியது. எடுத்ததும் மனுஷன் சளசளவென்று இருக்கிறார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நான் ஏன் திரும்ப வாங்கணும் நாயகி?" கோபமாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி இரவல் கேட்டால் விசாரிப்பது போல. "ரொம்பக் கஷ்டமா இருக்கோ? என்னைத் தேடுதோ?"

"உங்களைத் தேடல."

"பின்ன?"

"என்னைத் தேடுது."

அவருக்கு விளங்கவில்லை. உட்காருங்கள் என்றேன். தண்ணீரில் தொடங்கினேன். பால் பாக்கெட், செய்தி வாசிக்கிற பெண், சுவரில் கால், பிடரி மச்சம். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது, கஷ்டமான கணக்கை ஒருவர் போட்டுக் காட்டும்போது பார்க்கிற மாதிரி. சோறு குழைந்துவிட்டது. அவர் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "இன்னும் சொல்லு" என்றார்.

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"எல்லாம் ஞாபகம் இருக்கு. நீ தண்ணியத் துப்புவ, தெரியும். மச்சம் இருக்கு, தெரியும். ஆனா அதுல என்ன இருக்குன்னு இப்ப தெரியல பாத்துக்க. நீ சொல்லும்போதுதான் ஏதோ இருந்திருக்குன்னு தெரியுது."

"இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டு, ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேனா?"

அவர் யோசித்தார். குணமானவர், அதனால் மறைக்கத் தோன்றவில்லை, யோசித்து நேர்மையாகச் சொன்னார்.

"சொன்னா நீ செய்யமாட்டியோன்னு பயம். நான் பாக்கேன்னு தெரிஞ்சா வெக்கப்பட்டு விட்டுருவ. இல்லன்னா எனக்காகச் செய்வ. ரெண்டுல எதுன்னாலும் அது போயிரும்லா. அதான் வாயத் திறக்காம இருந்தேன்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டவில்லை, தட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்தேன். என்னை அறியாமல் கன்னத்தில் உருட்டிவிட்டேன், உருட்டியதும் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் திரும்பி வந்துட்டா?" என்றேன். கேட்கக் கூடாது என்று தெரிந்துதான் கேட்டேன்.

"வாயேன். ரூம்பு சும்மாதான கிடக்கு."

ஊரில் இருந்து வந்த சித்தப்பா மகளுக்குச் சொல்வது போலச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கிளம்பும்போது அவரே பஸ் நிறுத்தம்வரை வந்தார். வழியில் திடீரென்று, "சரி, குடு, வாங்கிக்கிடுதேன்" என்றார்.

"ஏன்?"

"நல்லாத்தான் தூங்குதேன், நல்லாத்தான் திங்கேன். ஆனா வேலை முடிஞ்சதும் அவ்வளவு வேகமா வீட்டுக்கு வாரேன். கால் பழக்கத்துல வருது. வந்து கதவத் திறந்தப்புறம், எதுக்கு இப்படி ஓடி வந்தோம்னு நின்னு யோசிக்கேன். இப்பல்லா தெரியுது எதுக்குன்னு. அது என் சாமான். குடுத்துரு."

தொண்ணூறாவது நாள் பாளையங்கோட்டைக்குப் போனோம். எட்வின் அறையில் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. குற்றாலநாதன் உள்ளே வந்ததும் சம்மதத்துக்குத் திரையில் கட்டைவிரலைப் பதித்துவிட்டார். திரை என் பக்கம் திரும்பியது. கெடு முடிவதற்கு நாற்பது நிமிஷம் பாக்கி என்று எட்வின் சொன்னார்.

"இதக் குடுத்துட்டா எனக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன்.

"இப்படி ஒண்ணு இருந்துச்சுங்கிறது ஞாபகம் இருக்கும் மேடம். மச்சம் இருக்குன்னு தெரியும். சார் பாத்தாருன்னு தெரியும். தேடாது."

"அவருக்கு?"

"பழையபடி."

பழையபடி என்றால் எனக்குத் தெரியும். தொண்ணூறு நாள் பட்டிருக்கிறேன். அவர் மறுபடி வாயடைத்துப்போவார், கேட் சத்தத்துக்கு நிமிர்வார், யாரும் வரமாட்டார்கள். அந்த வலி அவருக்கு வேண்டாமே என்று இரக்கப்பட்டுத்தான் கையை இழுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். கேட்கிறவர்களும் மெச்சுவார்கள். உண்மை அது இல்லை. எனக்குப் பேராசை. பிறந்ததில் இருந்து என்னை இப்படி ஒருத்தரும் பார்த்தது கிடையாது, இனிமேலும் பார்க்கப் போவது கிடையாது. எனக்கு நாற்பத்து நாலு வயது, பூசின உடம்பு, எடுத்தெறிந்து பேசுகிற வாய். இந்த உலகத்தில் எனக்காகக் காத்திருந்த ஒரே ஒரு மனசு இப்போது என் மண்டைக்குள் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நான் பழைய ஆவுடைநாயகி, இருக்கிறேனா இல்லையா என்று தெரியாதவள்.

"மேடம்" என்றார் எட்வின்.

"தரமாட்டேன்."

குற்றாலநாதன் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் நாயகி? அன்னைக்கு நீதான வந்து கேட்ட?"

"கேட்டேன். இப்ப தரமாட்டேன். அது உங்களோடதுன்னு தெரியும். பத்தொன்பது வருஷம் நீங்க வச்சிருந்தீங்க. ஒரு நாள் கூட எனக்குக் காட்டல. கொஞ்ச நாள் நான் வச்சுக்கிடுதேன்."

"கொஞ்ச நாள் இல்ல மேடம்" என்று எட்வின் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இன்னைக்கு விட்டா அப்புறம் எடுக்க முடியாது."

"தெரியும்."

அவர் மோவாயைத் தடவிக்கொண்டார். பிறகு எட்வினிடம் திரும்பி, "ஏன் தம்பி, இதுக்கு ஒரு கேஸ் போடலாமா? என் சாமானைத் தர மாட்டேங்காள்லா" என்றார், பாதி விளையாட்டாக.

"ஏக்கம் இருந்தாத்தான் சார் கேஸ் போட முடியும். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார் அவர். துளி வருத்தம் இல்லாத சிரிப்பு. இருந்திருக்க வேண்டிய வருத்தம் எல்லாம் என்னிடம் இருந்தது. "சரி விடு. வச்சுக்கோ. அஞ்சேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு, பிடிச்சிட்டா இருட்டதுக்குள்ள போயிரலாம். வாரேன் நாயகி. உடம்பப் பாத்துக்கோ."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அந்தக் கட்டடத்தில் இருந்து பஸ் நிறுத்தத்துக்கு வேப்பமரம் வைத்த நீளமான நடைபாதை. நான் ஜன்னலுக்குப் போய் நின்றேன். அவர் ஒரு ஓரமாக, பாதி பாதையைச் சும்மா விட்டுவிட்டு நடந்தார். பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் தான் அப்படி நடப்பது அவருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். அவரைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த விட்ட பாதியைப் பார்த்துத்தான் நெஞ்சை அடைத்தது. இவ்வளவு வேகமா நடந்தா எப்படி என்று குறை சொல்லிக்கொண்டே, மூச்சு வாங்க, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் இந்நேரம் அங்கே வந்திருக்க வேண்டும். பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏறிப் போனார். அவள் வரவில்லை.